இலையுதிர்காலத்துத் துளைகள்

கோல்ஃப் ஆடுபவர்களிடையே ஆண்டுதோறும் தவறாமல் எழும் முறையீடு ஒன்று உண்டு. கோடையின் வெக்கை தணிந்து, குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புட்டிங் கிரீன்கள் ஆண்டிலேயே மிகச் சிறந்த நிலைக்கு வந்து சேரும் சில வாரங்களில்தான் பராமரிப்புக் குழுவினர் இயந்திரங்களுடன் இறங்கி, அந்தப் பரப்பு முழுவதும் துளையிட்டு, மேலே மணலையும் கொட்டிவிடுகிறார்கள் என்பதே அது. என்னுடன் வழக்கமாக ஆடும் நண்பர் ஒருவர், எதையும் நிதானமாகப் பேசுபவர், ஒருநாள் இதை முறையீடாக அல்லாமல் கேள்வியாகவே கேட்டார்: "இன்னும் ஆறு வாரம் போனால் குளிருக்கு அஞ்சி யாரும் இந்தப் பக்கம் வரப்போவதில்லை. இந்த வேலையை அப்போது செய்தால் என்ன?" கிளப்பின் அறிவிப்புப் பலகையில் இதற்கு இருந்த விடை 'புல்லின் நலன் கருதி' என்ற மூன்று சொற்கள்தாம். கேள்வி நியாயமானதாகவும் விடை போதாததாகவும் எனக்குப் பட்டது. அது மனத்தை விட்டு அகலாததால், எங்கள் களத்தின் தலைமைப் பராமரிப்பாளரிடம் அனுமதி பெற்று, அந்த இலையுதிர்காலத்தில் வாய்த்த காலைகளில் எல்லாம் அவருடைய குழுவின் பின்னால் நடந்தேன். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். ஆகையால் பல விளக்கங்களை நானே தேடிப் படித்து நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. வெப்பமான நிலங்களில் வளரும் பெர்முடா புல்லுக்குக் கணக்கு வேறு. இங்கே நான் எழுதுவது கிரீனுக்கென்றே விதைக்கும் பென்ட் புல்லும், பெரும்பாலும் அழையாமலே வந்து அதனோடு கலந்துவிடும் போவா அன்னுவா என்ற புல்லும் வளர்கிற, நிலம் உறைந்துபோகும் அளவுக்குக் குளிர் இறங்குகிற களங்களைப் பற்றி மட்டுமே.

முதலில் துளைகள். டைன் எனப்படும் உள்ளீடற்ற எஃகுக் குழல்களை இயந்திரம் மண்ணுக்குள் இறக்கி, உருளை உருளையாக மண்ணை வெளியே எடுக்கிறது. 12 மி.மீ. விட்டமுள்ள குழல்களை 5 செ.மீ. இடைவெளியில் இறக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 400 துளைகள் விழும். பரப்பில் ஏறத்தாழ நாலரை விழுக்காடு வெளியே வந்துவிடும். அப்படி வெளியே வருவது வெறும் மண் அன்று. இறந்த தண்டுகளும் வேர்களும் மக்காமல் திரண்டு கிடக்கிற, தாட்ச் என்று பராமரிப்பாளர்கள் சொல்லும் அடுக்கும் சேர்ந்தே வருகிறது. அந்த அடுக்கு தடித்துப்போனால் தண்ணீர் கீழே இறங்காமல் மேற்பரப்பை ஒட்டியே தேங்கும். காற்று உள்ளே போகாது. வேர் ஆழத்தை விட்டுவிட்டு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். துளைகளில் மணலை நிரப்புவது அந்த அடுக்கின் ஊடே தண்ணீருக்கும் காற்றுக்கும் வழி அமைப்பதற்காகத்தான். இதெல்லாம் என் நண்பருக்கும் தெரியும். அவர் கேட்டது ஏன் என்று அல்ல, ஏன் இப்போது என்று.

அதற்கான விடை புல்லின் வளர்ச்சியில் இருக்கிறது. துளையை மூடுவது மணல் அன்று. சுற்றிலும் உள்ள புல் பக்கவாட்டில் படர்ந்து அதை மூட வேண்டும். குளிர்ப்பருவப் புற்களின் இலையும் தண்டும் காற்றின் வெப்பம் 16 முதல் 24 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக வளரும். அவற்றின் வேர்களுக்கு மண்ணின் வெப்பம் 10 முதல் 18 பாகை வரை இருந்தால் போதும். இலையுதிர்காலத்தின் முதற்பாதியில் இவை இரண்டும் ஒருசேர அமைகின்றன. அப்போது போட்ட துளை இரண்டு மூன்று வாரங்களில் மூடிவிடும். நண்பர் சொன்னபடி ஆறு வாரம் பொறுத்துப் போட்டால், புல் படர்வதை நிறுத்திவிட்டிருக்கும். துளைகள் திறந்தபடியே பனிக்காலத்துக்குள் நுழையும். ஈரப்பதமற்ற காற்று அவற்றின் விளிம்புகளில் இருக்கும் புல்லை உலர்த்திக் கொல்லும். பிழைத்தாலும், வசந்தத்தில் முதன்முதலாக ஆட வருபவருக்கு அதே துளைகள் அப்படியே காத்திருக்கும். தள்ளிப்போடுவதைவிட முன்னே கொண்டுவருவதற்கு இன்னும் நல்ல காரணம் உண்டு. போவா அன்னுவாவின் விதைகள் பெருமளவில் முளைப்பது கோடை முடிந்து இரவுகள் குளிரத் தொடங்கும் அதே சமயத்தில்தான். பென்ட் புல்லைக் காக்க விரும்புபவர்கள் அந்தச் சமயத்தில் வெற்று மண்ணைத் திறந்து காட்டாமல், கோடையின் கடைசி வாரங்களிலேயே துளையிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் பெரும்பாலான கிளப்புகளுக்குப் போட்டிகள் இருக்கும் என்பது வேறு கதை. ஆக, நாங்கள் குறை சொல்லும் தேதியே ஏற்கெனவே எங்களுக்காகப் பின்னே தள்ளப்பட்ட தேதி என்பதை நான் அறிந்தபோது, முறையீடு செய்ய வேண்டியவர்கள் மறுபக்கத்தில் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

புல் தன்னைத் தயார்செய்துகொள்ளும் காலம்

இலையுதிர்கால வேலைகளைப் பற்றிப் பேசும்போது மனிதர்கள் புல்லுக்குச் செய்வதையே பட்டியலிடுகிறோம். புல் தானாகச் செய்துகொள்வது அதைவிடப் பெரிது. பகல் குறுகி, வெப்பம் 5 பாகைக்கு அருகில் இறங்கும்போது, புல் வளர்வதைக் குறைக்கிறதே தவிர ஒளிச்சேர்க்கையை உடனே நிறுத்துவதில்லை. வளர்ச்சிக்குச் செலவாகாத சர்க்கரை, தண்டும் வேரும் சந்திக்கும் இடத்தில், மண்ணை ஒட்டி இருக்கிற குருத்தில் சேர்கிறது. அதே குருத்து தன்னிடமுள்ள நீரையும் குறைத்துக்கொள்கிறது. நீர் குறைந்து சர்க்கரை கூடிய உயிரணுக்களில் பனிப்படிகம் எளிதில் உருவாகாது. வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே சற்றே இறங்கும் நாட்களில் இந்தப் பதப்படுதல் மேலும் முற்றுகிறது. இலை பழுத்து உதிரலாம், வேரில் ஒரு பகுதி அழியலாம். குருத்து பிழைத்தால் புல் பிழைக்கும். நன்றாகப் பதப்பட்ட பென்ட் புல்லின் குருத்து பூச்சியத்துக்குக் கீழே 35 பாகையையும் தாங்கக்கூடியது. போவா அன்னுவா ஏறத்தாழ 20 பாகையிலேயே தளர்ந்துவிடும். ஒரே கிரீனில் இரண்டும் கலந்து வளரும்போது, வசந்தத்தில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

சர்க்கரை சேர வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்தை வாங்க இலை வேண்டும். பராமரிப்பாளரின் மிக எளிய வேலையும் ஆடுபவர்களின் மிகப் பெரிய எரிச்சலும் இங்கேதான் சந்திக்கின்றன. கோடையில் 3 மி.மீ. உயரத்தில் வெட்டப்பட்ட கிரீனை இலையுதிர்காலத்தில் சிறிது சிறிதாக 4 மி.மீ. வரை உயர்த்துகிறார்கள். கேட்பதற்கு ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் அது இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பந்து அதற்கேற்ப மெதுவாக ஓடும். கிரீனில் பந்து ஓடும் வேகத்தை அளப்பதற்கான கருவியை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் உருவாக்கினார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்தி 1978-இல் களங்களுக்கு வழங்கத் தொடங்கியது. ஒரே களத்தின் கிரீன்கள் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக வந்த அந்தக் கருவி, களங்கள் ஒன்றோடொன்று வேகத்தில் போட்டியிடுவதற்கான அளவுகோலாக மாறிப்போனது. அக்டோபரிலும் ஜூலையின் வேகத்தைக் கேட்பவர்களைத் திருப்திப்படுத்த, உயரத்தைக் குறைக்காமல் கிரீனின் மேல் உருளையை ஓட்டி ஓரளவு வேகம் கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. எங்கள் களத்தில் அதைத்தான் செய்தார்கள். அது நல்ல சமரசம் என்றே நினைக்கிறேன், மண் ஈரமாக இருக்கும் நாட்களில் செய்யாதவரை.

வெளிச்சத்துக்கு இன்னொரு எதிரி மரம். மரத்தைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை, ஏனெனில் அது அழகாக இருக்கிறது. வட அரைக்கோளத்தில் இலையுதிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ்வாகச் செல்வதால், கிரீனின் தென்கிழக்கில் நிற்கும் மரங்களின் நிழல் கோடையில் எட்டாத தூரத்துக்கு இப்போது எட்டுகிறது. புல் சர்க்கரை சேர்க்க வேண்டிய காலைப்பொழுது நிழலிலேயே கழிகிறது. பனியீரம் உலர்வதற்கு நண்பகல் ஆகிறது. பின்னர் பனிக்காலத்தில் அதே நிழல்தான் பனிக்கட்டியை உருகவிடாமல் காக்கிறது. ஊசியிலை மரமாக இருந்தால் இலை உதிர்ந்து வெளிச்சம் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. நலிந்த கிரீனுக்கு மருந்தும் உரமும் வாங்கிக் கொட்டுவதைவிட, நிழல் விழும் பக்கத்தில் சில மரங்களை எடுப்பது மலிவானது என்று பராமரிப்பாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கிளப் கூட்டங்களில் மரத்தை வெட்டும் தீர்மானத்தைவிட உறுப்பினர் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் எளிதில் நிறைவேறுகிறது.

உரத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் இந்தத் துறையில் கருத்து மாறிய விதம் கவனிக்கத்தக்கது. இலை வளர்வது நின்றபின், ஆனால் பச்சை மங்குவதற்கு முன், கணிசமான அளவு நைட்ரஜன் இடுவது நீண்டகாலமாக நல்ல வழக்கமாகக் கருதப்பட்டது. குளிர்ந்த மண்ணில் வேர் அதில் சிறு பங்கையே எடுக்கிறது, மீதி நீரோடு கசிந்து நிலத்தடிக்குப் போகிறது என்பது தெரிந்த பிறகு, இலையுதிர்காலத்தின் முற்பகுதியிலேயே சிறு சிறு அளவாக இட்டு முடிக்கும் முறை பரவியிருக்கிறது. பொட்டாசியமும் அப்படியே. பனிக்காலத்தைத் தாங்க அது எவ்வளவு இருந்தாலும் நல்லது என்றிருந்த நம்பிக்கைக்கு மாறாக, தேவைக்கு மேல் இட்ட பொட்டாசியம், குளிர்காலத்தில் புல்லைத் தாக்கும் பனிப்பூஞ்சை நோயைக் கூட்டுவதைப் பென்ட் புல்லில் நடந்த சோதனைகள் காட்டின. மண்ணைச் சோதித்துப் பார்த்துக் குறைவு இருந்தால் மட்டுமே இட வேண்டும் என்பதே எஞ்சும் முடிவு.

மணல் எழுப்பிய அணை

நான் குழுவின் பின்னால் நடந்த காலைகளில் என் எண்ணத்தை மாற்றிய காலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது துளையிட்ட நாள் அன்று. துளைகள் எல்லாம் மூடி, இரவு முழுவதும் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. தலைமைப் பராமரிப்பாளர் ஒரு கிரீனின் தாழ்ந்த ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், கிரீனும் அதைச் சுற்றியுள்ள காலர் என்ற சற்று உயரமான புல்வளையமும் சேரும் இடத்தில், ஒரு செண்டிமீட்டர் ஆழம்கூட இல்லாத தண்ணீர் தேங்கி நின்றது. ஆடுபவர் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பத்து மணிக்குள் மண்ணுக்குள் இறங்கிவிடும். அவர் கையில் இருந்த வண்ணப்பூச்சுக் குப்பியால் தண்ணீரின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டார். பிறகு அந்த இடத்திலிருந்து வெளிப்புறமாக, காலரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கீழே உள்ள சரிவு வரை இரண்டு இணைகோடுகள் போட்டார். அன்று பிற்பகலே, புல்தரையை அடியோடு பெயர்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அந்த இரண்டு கோடுகளுக்கு இடையில் இருந்த புல்லைச் சுருட்டி எடுத்து, அடியில் இருந்த மணலையும் வெட்டி எறிந்து, ஒரு வாய்க்கால் அமைத்தார்கள். களத்திலேயே மிகச் செழிப்பாக இருந்த புல் அதுதான். துளைகளாவது மூடிவிட்டன, இது பனிக்காலம் முடியும்வரை இப்படியே திறந்து கிடக்கும் என்றார்கள்.

அங்கே தண்ணீர் தேங்குவதற்கு யாரும் அணை கட்டவில்லை, மணல் கட்டியது. கிரீனின் மேல் மணல் தூவும் வழக்கம் 1860களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் களத்தின் பொறுப்பை ஏற்ற ஓல்ட் டாம் மோரிஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தரை சமமாகவும் உறுதியாகவும் உலர்ந்தும் இருப்பதற்கு அதைவிட நல்ல வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தூவிய மணலைத் தூரிகையால் இழுக்கும்போதும் கொஞ்சம் ஓரத்தில் ஒதுங்குகிறது. ஓரத்துப் புல் உயரமானது, ஆதலால் அங்கே தாட்ச் வேகமாகத் திரள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, விளிம்பு கிரீனைவிட உயர்ந்துவிடுகிறது. கிரீனை நலமாக வைத்திருக்கச் செய்த அதே வேலை, மெல்ல மெல்ல அதைச் சுற்றி ஒரு கரையை எழுப்பிவிடுகிறது.

நான் அவரிடம் கேட்டது, கிரீனுக்கு அடியில் இவ்வளவு செலவழித்து வடிகால் அமைத்திருக்கும்போது ஒரு செண்டிமீட்டர் தண்ணீருக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறைப்படி அமைத்த கிரீனில், சுமார் 30 செ.மீ. ஆழத்துக்கு மணற்பாங்கான மண்ணும், அதற்குக் கீழே 10 செ.மீ. சரளைக்கல்லும், அதற்கும் கீழே வடிகுழாயும் இருக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் வாங்கிக்கொள்ளும். அவர் சொன்ன பதில் ஒரே வாக்கியம்: தரை உறைந்துபோனபின் அடியில் எந்த வடிகாலும் கிடையாது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கோடை முழுவதும் நாங்கள் பெருமையாகப் பேசும் அந்த அமைப்பு, மேலே சில செண்டிமீட்டர் மண் உறைந்த கணத்திலிருந்து வெறும் தட்டுதான். அப்போது தண்ணீர் போக இருக்கும் ஒரே வழி மேற்பரப்பின் சரிவு. அந்தச் சரிவின் வாயில் மணல் கரை கட்டியிருந்தால், உருகிய நீர் தேங்கி, அன்றிரவே கட்டியாகி, அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு அடுக்கு சேரும்.

பனிக்கட்டி புல்லை இரண்டு விதமாகக் கொல்கிறது. முதலாவது மூச்சடைப்பு. வெண்பனியின் ஊடே காற்று சற்றே நகரும், பனிக்கட்டியின் ஊடே நகராது. அடியில் புல்லும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மெதுவாகச் சுவாசித்துக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜன் தீர்ந்து, கரியமில வாயுவும் வேறு நச்சு வாயுக்களும் சேர்கின்றன. நெடுநாள் மூடிக்கிடந்த கட்டியை உடைக்கும்போது எழும் துர்நாற்றத்தைக் கொண்டே அடியில் நடந்ததைப் பராமரிப்பாளர்கள் ஊகித்துவிடுவார்கள். போவா அன்னுவா 45 முதல் 60 நாட்களைத் தாண்டினால் ஆபத்து என்பது அவர்களிடையே வழங்கும் கணக்கு. பென்ட் புல் 100 நாட்களுக்கு மேலும் பிழைத்ததுண்டு. இரண்டாவது விதம் இன்னும் வஞ்சகமானது, பனிக்காலம் முடியப்போகிறது என்று நாம் நம்பத் தொடங்கும்போது நடப்பது. சில நாட்கள் வெயில் அடித்து வெப்பம் உயர்ந்தால், போவா அன்னுவா தன் பதத்தை வெகு விரைவில் இழந்து, தேங்கிய நீரைக் குருத்துக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. திடீரென்று ஓர் இரவு கடுங்குளிர் திரும்பினால், அந்த நீர் உயிரணுக்களிடையே படிகமாகிக் குருத்தைச் சிதைத்துவிடுகிறது. வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றியுள்ள பல களங்கள் 2013-14 பனிக்காலத்தில் நெடுநாள் பனிக்கட்டியின் கீழ் கிடந்து, வசந்தத்தில் இறந்த கிரீன்களுடன் விழித்தன. இரண்டு விதச் சாவுக்கும் தேங்கிய நீரே தொடக்கம். பனிக்காலத்தில் கட்டியை உடைத்தும், கறுப்பு மணல் தூவி வெயிலை ஈர்த்தும், பனியைத் தள்ளியும் போராடலாம். ஆனால் வாய்க்காலை அக்டோபரில்தான் வெட்ட முடியும், ஜனவரியில் மண் இரும்பாகிவிட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் என் நண்பரின் கேள்வி எனக்குள் உருமாறியது. துளையிடுவது புல் வளரும் காலத்தைப் பொறுத்தது. அதற்கு மறுக்க முடியாத விளக்கம் உண்டு. வாய்க்காலுக்கு அப்படி இல்லை. வரப்போகும் பனிக்காலத்தில் உருகலும் உறைதலும் மாறி மாறி வந்தால்தான் அதற்குப் பயன். தொடர்ந்து வெண்பனி மூடியிருந்தால் புல் அதனடியில் கதகதப்பாகவே கிடக்கும். எந்தப் பனிக்காலம் வரும் என்று தெரியாமலே, நல்ல புல்லை வெட்டி எடுக்கும் முடிவை ஒருவர் எடுக்க வேண்டியிருக்கிறது.

பூஞ்சைக்கு முந்திக்கொள்வது

தெரியாத பனிக்காலத்துக்காக முன்கூட்டியே செலவிடும் இன்னொரு வேலை பனிப்பூஞ்சைக்கான மருந்து. இரண்டு பூஞ்சைகள் இதில் முக்கியம். மைக்ரோடோகியத்துக்குப் பனி கட்டாயம் இல்லை. ஈரமும் குளிரும் நீடித்தாலே போதும், பனிக்கடியில் இருந்தால் இன்னும் பரவும். டைஃபுலாவுக்கு உறையாத மண்ணின் மேல் வெண்பனி நெடுநாள், ஏறத்தாழ இரண்டு மாதங்கள், மூடியிருக்க வேண்டும். கோடை முழுவதும் அது கடுகளவும் அதனினும் சிறியதுமான கெட்டியான உருண்டைகளாக மண்ணில் கிடந்து காத்திருக்கும். இரண்டுக்கும் மருந்து பனி விழுவதற்கு முன்பே புல்லின் மேல் இருக்க வேண்டும், விழுந்தபின் அடிக்க வழியில்லை. அதிக நாள் முன்னதாக அடித்தால் மழை கழுவிவிடும், வெட்டும்போது இலையோடு போய்விடும். ஒருநாள் தாமதித்தால் களமே வெள்ளையாகிவிட்டிருக்கும். வானிலை அறிக்கையை அந்த வாரங்களில் எங்கள் பராமரிப்பாளர் படித்ததுபோல் வேறு யாரும் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

மருந்தின் மேல் முழுதாகச் சாய்ந்திருக்கும் வசதி ஐரோப்பாவில் ஏற்கெனவே குறைந்துவிட்டது. இப்ரோடியோனுக்கான ஒப்புதலை 2017-இலும், குளோரோதலோனிலுக்கான ஒப்புதலை 2019-இலும் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் மறுத்தது. இவை இரண்டும் பல களங்கள் ஆண்டுதோறும் நம்பியிருந்தவை. ஆடுபவன் என்ற முறையில் எனக்கு இது இழப்பாகத் தோன்றவில்லை. நிலத்தடி நீருக்குள் இறங்கக்கூடிய ஒன்றை, விளையாடும் பரப்பு வசந்தத்தில் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அடிப்பதற்கு நல்ல நியாயம் எதையும் நான் கேட்டதில்லை. மருந்து குறைந்த இடங்களில் பழைய வேலைகள் முக்கியத்துவம் பெற்றிருக்கின்றன: காலையில் பனியீரத்தைத் தட்டிவிடுவது, காற்றோட்டத்தை மறிக்கும் புதரை அகற்றுவது, பின்பருவ நைட்ரஜனைக் குறைப்பது, இரும்பு சல்பேட்டை அளவறிந்து தெளிப்பது. உதிர்ந்த இலைகளைப் பற்றி ஒரு சொல். கிரீனை நோக்கி நீளும் புல்வெளியான ஃபேர்வேயில் விழுந்த இலைகளை வாரிக் கொட்டத் தேவையில்லை. வெட்டும் இயந்திரத்தால் பொடியாக்கிவிட்டால் புல்லுக்கிடையே இறங்கி மக்கிவிடும். கிரீனில் மட்டும் ஈர இலை ஒருநாள்கூடப் படிந்து கிடக்கக் கூடாது. இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரங்களின் இரைச்சல் ஆட்டத்துக்கு இடையூறு என்று எழுதிக் கொடுக்கும் உறுப்பினர்கள், அதே இலைகளுக்கடியில் பந்து தொலைந்தால் அதையும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

கடைசி வாரங்கள்

நீர்க்குழாய்களைக் காலி செய்யும் நாள் வந்தால் பருவம் முடிந்தது என்று பொருள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிவதால், ஒரு வால்வில் தங்கிய கைப்பிடி நீர் போதும் அதைப் பிளந்துவிட. பெரிய அமுக்கியைக் கொண்டுவந்து காற்றைச் செலுத்தி, தெளிப்பான்களை வரிசையாகத் திறந்து, தண்ணீர் நீர்த்துளிப் புகையாக மாறும்வரை விட்டு மூடுகிறார்கள். இங்கே வேண்டுவது நிறையக் காற்று, அதிக அழுத்தம் அன்று. அவசரப்பட்டு அழுத்தத்தை ஏற்றினால் உறைபனி செய்யவிருந்த சேதத்தைக் காற்றே செய்துவிடும். அமுக்கியிலிருந்து வரும் சூடான காற்று பிளாஸ்டிக் இணைப்புகளையும் இளக்கிவிடும். வேலை நடக்கும்போது யாரையும் தெளிப்பான்களின் அருகில் நிற்க விடமாட்டார்கள்.

அதன்பின் எஞ்சுவது ஆடுபவர்களைக் கட்டுப்படுத்தும் வேலை. உறைபனி படிந்த இலையின் மேல் கால் வைத்தால் உள்ளே உறைந்திருக்கும் நீர் உயிரணுவின் சுவரைக் கிழிக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் நடந்தவரின் ஒவ்வொரு அடியும் பழுப்பாக எழுந்து நிற்கும். காலை ஆட்டம் தாமதமாகத் தொடங்குவதற்கு இதுவே காரணம், இதை இப்போது எல்லோரும் அறிவார்கள். கண்ணுக்குத் தெரியாத சேதம் உருகும் நாட்களில் நடக்கிறது. மேலே இரண்டு மூன்று செண்டிமீட்டர் மண் இளகி, கீழே உறைந்தே இருக்கும்போது நடந்தால், மேலடுக்கு வழுக்கி நகர்ந்து வேர்களை இடையில் அறுத்துவிடும். பச்சையாகத் தெரியும் கிரீனை அந்த நாளில் மூடி, தற்காலிக கிரீனில் ஆடச் சொல்வதுதான் பராமரிப்பாளருக்கு மிகக் கடினமான உரையாடல். செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய களத்திலேயே குளிர்கால மாதங்களில் ஃபேர்வேயில் சிறு பாய் விரித்து அதன் மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். புல் வளராத காலத்தில் பெயர்த்த மண் ஆறாது என்பதால். அங்கே யாரும் அதை மதிப்புக் குறைவாக எண்ணுவதில்லை.

அந்த ஆண்டு வந்த பனிக்காலம் சாதுவானது. வெண்பனி வந்தது, போனது; பனிக்கட்டி நீண்டநாள் எங்கும் நிற்கவில்லை. எல்லா கிரீன்களும் உயிரோடு எழுந்தன, வாய்க்கால் வெட்டப்பட்டதும் வெட்டப்படாததும். பெயர்த்து வைத்த புல்லைத் திரும்பப் பதித்தபின் அதன் தையல்கோடு சில வாரங்கள் தெரிந்தது. உறுப்பினர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அந்த வாய்க்கால் தேவையற்றதாகிவிட்டது என்றும், இனி இப்படிச் செய்வதற்கு முன் கிளப் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை, அதை அங்கேயே சொன்னேன். அக்டோபரில் எடுத்த முடிவை ஏப்ரலில் கிடைத்த தகவலைக் கொண்டு தேவையற்றது என்று தீர்ப்பது சரியல்ல. அந்த ஓரத்தில் தண்ணீர் நின்றது உண்மை, மண் உறையும் என்பது உறுதி, கிரீனில் பாதிக்கு மேல் போவா அன்னுவா இருப்பதும் தெரிந்ததே; இவற்றை வைத்துப் பார்த்தால் வெட்டாமல் விடுவதற்குத்தான் ஒப்புதல் கேட்டிருக்க வேண்டும். நண்பர் என் பக்கம் பேசினார், ஆனால் காலரை முழுதாகப் பெயர்த்துத் தாழ்த்தினால் ஆண்டுதோறும் வாய்க்கால் வெட்ட வேண்டியிருக்காதே என்று கேட்டார். அது எங்கள் இருவர் பேச்சையும்விட நல்ல யோசனை. செலவு பெரிது, ஆகவே கூட்டம் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தது.

அதுவரை எங்கள் பராமரிப்பாளர் செய்வது, பனிக்காலம் முடியும் தறுவாயில் ஐயத்துக்குரிய கிரீன்களிலிருந்து சிறு புல்கட்டிகளை வெட்டி எடுத்துவந்து, வெளிச்சம் படும் கதகதப்பான இடத்தில் தொட்டியில் வைத்துப் பார்ப்பது. உயிர் இருந்தால் ஓரிரு வாரங்களில் பச்சை தெரியும். தெரியாவிட்டால் விதைக்கு அன்றே சொல்லிவைத்துவிடுகிறார், ஏனெனில் கடுமையான ஆண்டுகளில் எல்லாக் களங்களும் ஒரே வாரத்தில் விதை தேடுகின்றன. குளிர்ந்த வசந்த மண்ணில் பென்ட் விதை வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். விதைத்து, மேலே துணி போர்த்தி, மண்ணின் வெப்பத்தை ஏற்றியாக வேண்டும். அந்தக் கிரீன்கள் எப்போது திறக்கும் என்ற அறிவிப்பையும் அப்போதே எழுதிப் பலகையில் ஒட்டிவிடும்படி அவர் கிளப் அலுவலகத்தைக் கேட்டிருக்கிறார். இந்த முறை காரணத்தை விளக்கி இரண்டு பத்திகள் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.